பைக்கில் நீங்களே கைவைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொந்த பைக்கில் தானே ஸ்பேனர் பிடிக்கிறவர்கள் சொதப்புவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: ஒரு இடத்தில் திருகியது வேறு எந்த இடத்தைப் பாதிக்கும் என்று பார்ப்பதில்லை. பின் ஷாக்கை இரண்டு படி ஏற்றினால் பைக்கின் பின்பக்கம் உயரும், அதோடு செயின் தொய்வு மாறும், ஹெட்லைட் வெளிச்சம் கீழே இறங்கும், சைடு ஸ்டாண்டில் வண்டி முன்பைவிட அதிகமாகச் சாயும். திருகியது என்னவோ ஷாக்கில் ஒரே ஒரு வளையத்தைத்தான்.

அதிகம் பேர் தப்பாகப் புரிந்துகொண்டிருப்பது ப்ரீலோடைத்தான், அதாவது அந்த வளையத்தைத் திருகி ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கிவைப்பதை. அதை ஏற்றினால் ஸ்பிரிங் கெட்டியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஆகாது. சாதாரண நேர்விகித ஸ்பிரிங்கை ஒவ்வொரு மில்லிமீட்டர் அமுக்கவும் எவ்வளவு விசை வேண்டுமோ, ப்ரீலோடு ஏற்றிய பிறகும் அவ்வளவேதான் வேண்டும். மாறுவது வண்டி நிற்கிற உயரம், அதாவது சஸ்பென்ஷன் தன் பயணத்தில் (மேலும் கீழும் நகரக்கூடிய தூரத்தில்) எந்த இடத்திலிருந்து வேலையை ஆரம்பிக்கிறது என்பது. அதனால் கையால் சீட்டை அமுக்கிப் பார்த்து "நல்லா இருக்கு" என்று முடிவு பண்ணாமல், டேப்பை எடுத்து அளக்க வேண்டும். சக்கரத்தைத் தரையில் படாமல் தொங்கவிட்டு ஆக்ஸிலிலிருந்து அதற்கு நேர் மேலே பாடியில் அசையாத ஒரு புள்ளி வரை ஒரு அளவு, வண்டி தன் எடையில் நிற்கும்போது இரண்டாவது அளவு, வழக்கமாகப் போடும் ஜாக்கெட், ஹெல்மெட்டோடு நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் மூன்றாவது. கடைசி இரண்டுக்கும் துணைக்கு ஒருவர் வேண்டும், தனியாகச் செய்தால் அளவு பொய்யாகத்தான் வரும். முதல் அளவுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஸேக். சாலையில் ஓட்டும் பைக்குகளில் இது மொத்தப் பயணத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது, பொதுவாக 30 முதல் 40 மில்லிமீட்டர்.

இரண்டாவது அளவை எதற்கு எடுக்கச் சொன்னேன் என்றால், ஸ்பிரிங் உங்கள் எடைக்குப் பொருந்துகிறதா என்பதைக் காட்டுவது அதுதான். நீங்கள் உட்காரும்போது ஸேக் சரியாக வந்தும், வெறும் வண்டி தன் எடையில் கொஞ்சம்கூட இறங்காமல் உச்சத்திலேயே நின்றால், ஸ்பிரிங் உங்களுக்கு மெத்தென்று இருக்கிறது என்று அர்த்தம். முதலில் கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும். மெத்தான ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு உங்கள் எடைக்கு உயரத்தைக் கொண்டுவர ப்ரீலோடை ஏகத்துக்கு ஏற்றியிருப்பீர்கள், அதனால்தான் ஆள் இல்லாதபோது அது விறைத்து நிற்கிறது. அந்த நிலையில் இன்னும் திருகிப் பயனில்லை, வேறு ஸ்பிரிங்தான் வேண்டும்.

அடுத்தது டேம்பிங், அதாவது ஸ்பிரிங் அமுங்கி எழும் வேகத்தை மட்டுப்படுத்துவது. உங்கள் பைக்கில் ரீபவுண்ட் (எழுவதை மட்டுப்படுத்துவது), கம்ப்ரெஷன் (அமுங்குவதை மட்டுப்படுத்துவது) திருகுகள் இருந்தால், முதலில் மெதுவாக முழுக்க மூடி எத்தனை கிளிக் என்று எண்ணி எழுதிவைத்துவிட்டு, பழைய இடத்துக்குத் திருப்புங்கள். மூடும்போது கடைசியில் பலம் காட்ட வேண்டாம், உள்ளே இருக்கும் ஊசி கெட்டுவிடும். ஒரே நேரத்தில் இரண்டு திருகை மாற்றாதீர்கள், ஒவ்வொரு மாற்றத்துக்கும் அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். ரீபவுண்டை ரொம்ப மூடிவிட்டால் ஸ்பிரிங் ஒரு மேட்டில் அமுங்கி எழுவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும், சஸ்பென்ஷன் படிப்படியாகக் கீழே இறங்கி அங்கேயே நிற்கும். ஓட்டுகிறவருக்கு அது "கெட்டியாக இருக்கு" என்றுதான் தெரியும். உடனே கம்ப்ரெஷனைக் குறைப்பார், அப்புறம் ப்ரீலோடு, அப்புறம் ஃபோர்க் ஆயில் என்று போகும். இதெல்லாம் தொடங்குவதற்கு முன்னால் டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தம் பார்த்தாரா என்று கேட்டால் பதில் இருக்காது. ஹேண்டில் பேரிங் தேய்ந்திருந்தாலும் முன்பக்கம் ஆடும், அதை ஷாக்கைத் திருகிச் சரிசெய்ய முடியாது.

செயினில் எல்லாரும் செய்வது, தொய்வைப் பார்த்துப் பயந்து இறுக்குவது. பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மேலே ஏறும்போது முன் ஸ்பிராக்கெட்டின் நடுவும், ஸ்விங் ஆர்ம் பாடியோடு சேரும் மூட்டான பிவட்டும், பின் ஆக்ஸிலும் ஒரே நேர்கோட்டுக்கு வருகிற இடத்தில்தான் செயின் அதிகபட்சமாக இழுபடும். நிறுத்திவைத்த வண்டியில் விறைப்பாக இருக்கும் செயினுக்கு அங்கே இடமே இருக்காது, அந்த இழுப்பை கியர்பாக்ஸ் ஷாஃப்டின் பேரிங் வாங்கிக்கொள்ளும். எத்தனை மில்லிமீட்டர், எந்த ஸ்டாண்டில் நிறுத்தி அளப்பது என்பது மாடலுக்கு மாடல் வேறு, மேனுவலில் இருக்கும். சக்கரத்தைச் சுற்றி, செயின் எங்கே அதிகமாக இறுகியிருக்கிறதோ அங்கே வைத்து அளக்க வேண்டும். ஓ-ரிங் செயினை (இணைப்புகளில் ரப்பர் வளையம் உள்ளது) பெட்ரோலாலோ கம்பி பிரஷாலோ சுத்தம் செய்யாதீர்கள், மண்ணெண்ணெய் போதும். இன்னொன்று: கியரில் போட்டு இன்ஜினை ஓடவிட்டு, சுற்றுகிற செயினைத் துணியால் துடைக்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். விரல் போய்விடும். கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள்.

நட்டு போல்ட்டில் "இன்னும் கொஞ்சம்" என்ற ஆசைதான் எதிரி. ஆயில் டிரெயின் போல்ட்டுக்குப் பல பைக்குகளில் 20 முதல் 30 நியூட்டன் மீட்டர்தான் முறுக்கு, நீளமான ஸ்பேனர் பிடித்து முழு பலத்தில் இழுத்தால் அலுமினிய மரை உரிந்து கையோடு வந்துவிடும். முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் வாங்கியவர்களும் மரையில் கிரீஸ் தடவிவிட்டு மேனுவலில் உள்ள அளவையே வைக்கிறார்கள். தனியாகச் சொல்லாதவரை அந்த அளவு காய்ந்த, சுத்தமான மரைக்கானது. வழுக்குகிற மரையில் அதே முறுக்கு போல்ட்டை மிக அதிகமாக இழுத்துவிடும்.

ஆயில், பிரேக் பற்றிச் சுருக்கமாக. கிளட்ச் ஆயிலில் நனைந்திருக்கும் பைக்குக்கு ஜாசோ (ஜப்பானிய தரக்குறி) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்ட ஆயில்தான், கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்க வாய்ப்பு உண்டு. டாட் 4 வகை பிரேக் ஃப்ளூயிட் கேட்கும் பிரேக்கில் டாட் 5 ஊற்றக்கூடாது, அது சிலிகான் வகை. டாட் 5.1 பெயரில் நெருக்கமாக இருந்தாலும் டாட் 4 குடும்பம்தான். பேட் மாற்றிய பிறகு வண்டியை நகர்த்துவதற்கு முன் லீவரைப் பலமுறை அழுத்திக் கெட்டியாக்குங்கள், உள்ளே தள்ளிய பிஸ்டன் திரும்ப வரும்வரை பிரேக்கே கிடையாது.

கூடுதல் சாமான்களில் முதல் தொல்லை விளக்கு. 55 வாட் பல்பு இரண்டு என்றால் 110 வாட், 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு மேல். இதை ஹெட்லைட் வயரிலிருந்து இழுத்து ஒட்டினால் சுவிட்சும் வயரும் சூடாகி உருகும். பேட்டரியிலிருந்து தனி வயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ், நடுவில் ஒரு ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச்). சின்ன இன்ஜின் பைக்கில் சார்ஜிங் சிஸ்டம் இவ்வளவைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள், தாங்காவிட்டால் எல்இடிதான் வழி. டாப் பாக்ஸை நிரப்புகிறவர்கள் கேரியரில் எழுதியிருக்கும் எடையைப் படிப்பதே இல்லை. பின் ஆக்ஸிலுக்குப் பின்னால் ஏறும் ஒவ்வொரு கிலோவும் முன் சக்கரத்தின் பாரத்தைக் குறைக்கிறது, வேகத்தில் ஹேண்டில் ஆட ஆரம்பிப்பது இதனாலும் இருக்கலாம். கனமான பொருள் சீட்டுக்கு அருகே, தாழ்வாக இருக்கட்டும்.

ஹேண்டில்பாரை உயர்த்தியிருந்தால் இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு இடது கடைசியிலிருந்து வலது கடைசி வரை திருப்பிப் பாருங்கள். எங்காவது இன்ஜின் சத்தம் தானாக ஏறினாலோ, பிரேக் ஹோஸ் விறைத்து இழுபட்டாலோ, நீளமான கேபிளும் ஹோஸும் மாட்டும்வரை அந்த வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.