1940 ஆகஸ்ட் மாத ஸ்பிட்ஃபயர்: முதல் மாதிரி விமானத்தைக் கட்டி, வான்போர் ஆட்டத்தில் இறக்கும் முறை

பிளாஸ்டிக் மாதிரி விமானம் கட்டக் கற்றுக்கொள்பவர்கள், பெட்டியைத் திறப்பதற்கு முன்பே ஒரு மாதத்தையும் ஒரு படைப்பிரிவையும் முடிவு செய்துகொள்ள வேண்டும் என்று வலியுறுத்துவேன். ஒரே வகைப் போர் விமானம் சில மாத இடைவெளியில் வேறு வண்ணத்திலும் வேறு குறியீடுகளோடும் பறந்திருக்கிறது. ‘ஸ்பிட்ஃபயர்’ என்று மட்டும் எண்ணிக்கொண்டு தூரிகையை எடுத்தால், எந்த நாளிலும் எந்த வானிலும் பறந்திராத ஒரு விமானம்தான் மேசையில் உருவாகும்.

ஆகவே இந்த விளக்கத்துக்கு ஒரு குறிப்பிட்ட விமானத்தை எடுத்துக்கொள்கிறேன். 1940 ஆகஸ்ட் பிற்பகுதியில், ஜெர்மானிய விமானப்படையைப் பிரிட்டன் எதிர்கொண்ட பிரிட்டன் வான்போரின் உச்சத்தில், தென் இங்கிலாந்தின் மிடில் வாலப் தளத்திலிருந்து பறந்த 234ஆம் படைப்பிரிவின் ஸ்பிட்ஃபயர் மார்க் 1 அது. நன்கொடை அளித்த நாடுகள், மாகாணங்கள் ஆகியவற்றின் பெயரைப் படைப்பிரிவுகளுக்குச் சூட்டும் வழக்கம் அந்தப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்தது. 234ஆம் பிரிவு தாங்கிய பெயர் ‘மெட்ராஸ் பிரசிடென்சி’, அதாவது பழைய சென்னை மாகாணம். ஹரிக்கேன் ஓட்டிய 79ஆம் பிரிவுக்கும் டிஃபையன்ட் ஓட்டிய 264ஆம் பிரிவுக்கும் இதே பெயர் உண்டு. தமிழ் வாசகர் ஒருவர் தம் முதல் ஸ்பிட்ஃபயருக்கு 234ஐத் தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

அளவும் கருவிகளும்

தொடக்கநிலைக்கு 1/72 அளவு பொருத்தமானது. இந்த அளவில் ஆறடி மனிதர் சரியாக ஓர் அங்குல உயரமாகிறார். 11.23 மீட்டர் இறக்கை அகலமும் 9.12 மீட்டர் நீளமும் கொண்ட ஸ்பிட்ஃபயர், ஏறத்தாழ 156 மில்லிமீட்டருக்கு 127 மில்லிமீட்டர் என்று உள்ளங்கையில் அடங்கிவிடுகிறது. ஏர்ஃபிக்ஸ், தமியா போன்ற நிறுவனங்கள் இந்த அளவில் ஸ்பிட்ஃபயர் கிட்டுகளை, அதாவது உதிரிகள் அடங்கிய பெட்டிகளை, வெளியிட்டுள்ளன.

பிளாஸ்டிக் வெட்டும் சிறு கட்டர், கூர்முனைக் கத்தி, 400 முதல் 1000 வரை எண்ணிட்ட உப்புத்தாள்கள், மாதிரிகளுக்கான திரவ சிமென்ட், மாஸ்கிங் டேப், இரண்டு நல்ல தூரிகைகள், தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணங்கள், பளபளப்பு வார்னிஷ், மேட் எனப்படும் பளபளப்பில்லாத வார்னிஷ் ஆகியவை இருந்தால் போதும். வண்ணத்தைக் காற்றால் தெளிக்கும் ஏர்பிரஷ் முதல் மாதிரிக்குத் தேவையில்லை.

உதிரிகளைப் பிரித்தல்

அச்சில் வார்க்கும்போது ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கின் மேல் வண்ணம் சரியாகப் பிடிக்காது. ஆகவே உதிரிகள் அவற்றைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டத்தில் இருக்கும்போதே இளஞ்சூடான சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்த வேண்டும். எல்லா உதிரிகளையும் ஒரே நேரத்தில் வெட்டிக் குவித்துவிட்டால் எது எந்த எண்ணுக்குரிய உதிரி என்பது தெரியாமல் போய்விடும் என்பதால், அந்தந்தப் படிக்கு வேண்டியதை மட்டும் பிரித்தெடுங்கள். உதிரியை ஒட்டி நேராக வெட்டினால் அதன் விளிம்பு பிய்ந்து பள்ளமாகலாம். முதலில் சற்றுத் தள்ளி வெட்டி, மிஞ்சிய முளையை இரண்டாவது வெட்டில் நீக்கி, எஞ்சியதை உப்புத்தாளால் தேய்த்துவிட வேண்டும்.

ஒட்டும் வேலை

திரவ சிமென்ட் வழக்கமான பசையைப் போல இடையில் படிந்து பிடிப்பதில்லை. அது பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கின் இரண்டு முகங்களையும் இளக்கி ஒன்றாக்குகிறது. ஆகவே முதலில் இரண்டு பாகங்களையும் உலர்ந்த நிலையில் பொருத்திப் பார்த்து, கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சிமென்ட் தூரிகையின் நுனியை இணைப்புக் கோட்டில் தொட்டால், திரவம் தானாகவே அந்தக் கோட்டின் நெடுகிலும் ஓடிவிடும். விரல் அந்தக் கோட்டின் மேல் இருந்தால் திரவம் விரலுக்கடியிலும் ஊர்ந்து கைரேகையைப் பிளாஸ்டிக்கில் பதித்துவிடும் என்பதால், பிடிக்கும் இடத்தில் கவனம் வேண்டும்.

விமானி அமரும் அறையின் உட்புறத்துக்குச் சாம்பல் கலந்த பச்சை பூசி, அது உலர்ந்த பிறகே உடற்பகுதியின் இரு பாதிகளையும் சேர்க்க வேண்டும். மூடிய பிறகு இந்த உட்புறம் அதிகம் தெரியாது. இங்கே நீண்ட நேரம் செலவிட வேண்டியதில்லை.

நேரம் கொடுக்க வேண்டிய இடம் இறக்கை. ஸ்பிட்ஃபயரின் இறக்கைகள் கிடையாக நிற்பதில்லை. நுனி நோக்கி ஆறு பாகை மேலேறுகின்றன. அந்த ஏற்றம் தட்டையாகிவிட்டால், வண்ணம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் பார்ப்பவர் கண்ணுக்கு ஏதோ தவறாகவே படும். இறக்கையை உடலோடு சேர்த்தவுடன் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை, உடலின் மேலாக, மாஸ்கிங் டேப்பை இழுத்து ஒட்டினால் இறக்கைகள் சற்றே மேல்நோக்கி இழுபடும். இறக்கை உடலோடு சேரும் வேர்ப்பகுதியில் உள்ள இடைவெளியும் மூடிக்கொள்ளும். முன்புறமிருந்து பார்த்து இரு பக்க ஏற்றமும் சமமாக இருப்பதை உறுதி செய்து, ஒரு நாள் முழுவதும் அசைக்காமல் விடுங்கள்.

மாதிரியை மேசைமேல் ஆடும் வான்போர் ஆட்டத்தில் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால், வண்ணம் பூசுவதற்கு முன்பே உடலின் அடியில், விமானம் சமநிலையில் நிற்கும் இடத்தைக் கண்டறிந்து, தாங்கு கம்பிக்கான துளையைப் போட்டுவிட வேண்டும். சக்கரங்களையும் உள்ளே மடங்கிய நிலையில் ஒட்ட வேண்டும். இணைப்புக் கோடுகளைப் புட்டியால் நிரப்பித் தேய்த்த பிறகு, ப்ரைமர் எனப்படும் சாம்பல் நிற அடிவண்ணம் ஒரு பூச்சு கொடுத்தால், கண்ணுக்குத் தப்பிய கீறல்கள் எல்லாம் வெளிப்பட்டுவிடும்.

வண்ணமும் மாதமும்

போர் தொடங்கிய காலத்தில் பிரிட்டிஷ் சண்டை விமானங்களின் அடிப்பகுதி ஒரு பாதி கறுப்பும் மறு பாதி வெள்ளையுமாக இருந்தது. தரையிலிருக்கும் காவலர்கள் தம் விமானத்தை அடையாளம் கண்டுகொள்ள அந்த ஏற்பாடு. 1940 ஜூன் மாதத்தில் அது கைவிடப்பட்டு, ‘ஸ்கை’ எனப்படும் வெளிர் பசுமை நிறம் வந்தது. அதே ‘ஸ்கை’ நிறத்தில் வாலுக்கு முன் ஒரு பட்டையும், ப்ரொப்பல்லரின் மூக்குக் கூம்பும் சேர்ந்தது அந்த ஆண்டின் இறுதியில்தான். ஆகவே நம் ஆகஸ்ட் விமானத்துக்கு அடிப்பகுதி ‘ஸ்கை’, மூக்குக் கூம்பு கறுப்பு, வாலருகே பட்டை கிடையாது. பிரிட்டன் வான்போர் என்ற பெயரில் காட்சிக்கு வைக்கப்படும் மாதிரிகளில் இந்தப் பட்டையை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் வருந்துகிறது, ஏனென்றால் அந்தத் தவறு இல்லாமல் செய்வதற்கு வேலை குறைவு.

பூசும் வரிசை வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குச் செல்ல வேண்டும். முதலில் அடியில் ‘ஸ்கை’. அடுத்து மேற்பரப்பு முழுவதும் மண் பழுப்பு. அதன் மேல், வழிமுறைத் தாளில் உள்ள வளைகோடுகளைப் பென்சிலால் மெலிதாக வரைந்து, அடர் பச்சைத் திட்டுகள். வண்ணத்தைத் தண்ணீர் சேர்த்து நீர்த்த நிலைக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு பூச்சும் முழுமையாக உலர்ந்த பிறகு அடுத்ததைப் பூசினால், மூன்று மெல்லிய பூச்சுகளில் தூரிகைத் தடம் தெரியாத பரப்பு கிடைக்கும். ஒரே தடித்த பூச்சில் முடிக்க நினைத்தால், உலோகத் தகடுகளின் இணைப்பைக் காட்டும் நுண்ணிய கோடுகள் எல்லாம் வண்ணத்தில் மூழ்கிவிடும்.

டெக்கால் எனப்படும் நீர் ஒட்டுப்படங்களை ஒட்டுவதற்கு முன் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு அவசியம். மேட் பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்களில் காற்று சிக்கி, ஒட்டுப்படம் வெள்ளி பூத்ததுபோலத் தெரிவதை அது தடுக்கிறது. இறக்கையின் மேற்புறத்தில் சிவப்பும் நீலமும் மட்டும் கொண்ட வட்டச் சின்னம், உடலின் பக்கவாட்டில் மஞ்சள் வளையம் சூழ்ந்த வட்டச் சின்னம், 234ஆம் பிரிவின் ‘ஏ இஸட்’ என்ற எழுத்துகள் சாம்பல் நிறத்தில் என்று ஒட்டிக்கொண்டு வாருங்கள். உங்கள் கிட்டில் வேறு பிரிவின் குறியீடு இருந்தால், சாம்பல் நிற எழுத்துகள் மட்டுமே கொண்ட டெக்கால் தாளைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

இறக்கையின் முன்விளிம்பில் பக்கத்துக்கு நான்காக எட்டு பிரௌனிங் இயந்திரத் துப்பாக்கிகள் இருந்தன. உயரத்தில் அவை உறைந்துவிடாமலும் அழுக்கு புகாமலும் இருக்க, துப்பாக்கித் துளைகளைத் துணிப் பட்டைகளால் மூடிச் சிவப்பு நிறம் பூசுவார்கள். முதல் குண்டே அந்தத் துணியைக் கிழித்துக்கொண்டு போகும். ஆகவே உங்கள் விமானம் போருக்குப் புறப்படுகிறதா, திரும்பி வருகிறதா என்று முடிவு செய்யுங்கள். புறப்படுகிறது என்றால் சிவப்புப் பட்டைகள் முழுமையாக இருக்கும், இறக்கையின் அடியில் புகைக்கரி இருக்காது. திரும்புகிறது என்றால் துளைகள் திறந்து, அவற்றின் பின்னே கரிக்கோடுகள் நீளும். இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

விமானியின் கண்ணாடி மூடியை ஃபெவிக்கால் போன்ற வெள்ளைப் பசையால் மட்டும் ஒட்டுங்கள். உடனடிப் பசையின் ஆவி கண்ணாடியை மூடுபனிபோல் மங்கச் செய்துவிடும். ஸ்ப்ரே மேட் வார்னிஷ் பயன்படுத்துபவர்கள் மழைக்காலத்திலும் கடலோரப் புழுக்கத்திலும் அடிக்காமல், உலர்ந்த பிற்பகலுக்குக் காத்திருப்பது நல்லது. ஈரக்காற்றில் வார்னிஷ் பால்போல வெளுத்துப்போகும். மூடி மங்காமல் இருக்க, வார்னிஷ் முடிந்த பிறகு கண்ணாடியைப் பொருத்துவதே பாதுகாப்பு.

ஆட்டத்தில் இறக்குதல்

அறுகோணக் கட்டங்கள் அச்சிட்ட விரிப்பு, தாங்கு கம்பிகள், சில பகடைகள், இரண்டு ஸ்பிட்ஃபயர்கள், எதிரணிக்கு ஜெர்மானியப் போர் விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 109 இ மாதிரிகள் இரண்டு இருந்தால் ஆட்டம் தொடங்கலாம். அச்சிட்ட விதிநூல்கள் பல உள்ளன. எனினும் முதல் ஆட்டத்துக்கு, உண்மையான விமானத்தின் இயல்பிலிருந்து நாமே மூன்று விதிகளை உருவாக்கிக்கொள்ளலாம்.

முதலாவது, குண்டு. ஸ்பிட்ஃபயரின் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் 300 குண்டுகள். தொடர்ந்து சுட்டால் ஏறத்தாழ 15 விநாடிகளில் தீர்ந்துவிடும். ஒரு முறை சுடுவதை மூன்று விநாடி என்று கொண்டால், ஓர் ஆட்டத்துக்கு ஐந்து முறை மட்டுமே சுட அனுமதியுங்கள். மெஸ்ஸர்ஷ்மிட்டின் இறக்கைப் பீரங்கி ஒவ்வொன்றுக்கும் 60 குண்டுகளே உண்டு. அவை இரண்டு முறை சுட்டதும் ஓய்ந்துவிடும் என்று கொள்ளுங்கள், ஆனால் பட்டால் சேதம் பெரிது. அதன் பிறகு மூக்கிலுள்ள இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள் மட்டுமே மிஞ்சும்.

இரண்டாவது, எஞ்சின். ஸ்பிட்ஃபயரின் மெர்லின் எஞ்சினில் எரிபொருளைக் காற்றோடு கலக்கும் மிதவைக் கார்புரேட்டர் இருந்ததால், விமானி மூக்கைத் திடீரென்று கீழே தள்ளினால் எரிபொருள் ஓட்டம் தடைப்பட்டு எஞ்சின் விக்கியது. மெஸ்ஸர்ஷ்மிட்டின் எஞ்சினில் எரிபொருள் நேரடியாக உட்செலுத்தப்பட்டதால் அந்தத் தொல்லை இல்லை; பின்தொடர்பவரிடமிருந்து தப்ப ஜெர்மானிய விமானிகள் இதையே பயன்படுத்தினார்கள். ஆகவே மெஸ்ஸர்ஷ்மிட் நேராகக் கீழே பாயலாம் என்றும், ஸ்பிட்ஃபயர் முதலில் ஆட்டத்தின் ஒரு சுற்றைச் செலவழித்துத் தலைகீழாகக் கவிழ்ந்த பிறகே பாயலாம் என்றும் விதி செய்யுங்கள். பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர் எரிபொருள் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சிறு துளைத் தகட்டை உருவாக்கி 1941இல் இந்தக் குறையைப் பெருமளவு தணித்தார். உங்கள் ஆட்டத்தின் தேதியை அடுத்த ஆண்டுக்கு மாற்றினால், இந்த விதியும் தளர வேண்டும்.

மூன்றாவது, அணிவகுப்பு. அக்காலத்து பிரிட்டிஷ் விமானங்கள் மும்மூன்றாக நெருங்கிப் பறந்தன. பக்கத்திலிருந்த இருவரும் தலைவரை மோதிவிடாமல் பறப்பதிலேயே கண்ணாக இருக்க நேர்ந்தது. ஜெர்மானியர் இரண்டிரண்டாக விலகிப் பறந்து, ஒருவர் தாக்க மற்றவர் காவல் பார்த்தார்கள். ஆகவே மூன்று ஸ்பிட்ஃபயர்கள் அணியில் இருக்கும்வரை தலைவர் மட்டுமே எதிரியைக் கண்டறிய முயலலாம். அணி கலைந்த பிறகே மூவருக்கும் அந்த உரிமை வரும்.

முதல் ஆட்டத்தை இரண்டுக்கு இரண்டு என்று, அணிவகுப்பு விதி இல்லாமல் ஆடிவிட்டு, மூன்றாவது ஸ்பிட்ஃபயரைக் கட்டி முடித்தவுடன் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த மூன்றாவது விமானத்துக்கும் ‘ஏ இஸட்’ எழுத்துகளே வேண்டும் என்பதால், டெக்கால் தாள் வாங்கும்போது மூன்று விமானங்களுக்குப் போதுமானதாகப் பார்த்து வாங்குங்கள்.