தேயிலைத் தோட்டத்துச் சம்பளத்தை ஆராய்ந்து பொருளியலில் கலாநிதிப் பட்டம்: பதிவுக்கு முன்னும் களத்திலும்

மேற்பார்வையாளரைத் தேடிப் போவதற்கு முன் கேள்வியை முடிவு செய்யுங்கள். "மலையக மக்களின் பொருளாதார நிலை" என்பது தலைப்பு, கேள்வியல்ல. "நாட்சம்பளம் 1000 ரூபாவான பிறகு தோட்டங்கள் வேலைநாட்களைக் குறைத்தனவா?" என்பதுதான் கேள்வி. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீடத்திலும் பொருளியல் உண்டு, விவசாயப் பீடத்தில் விவசாயப் பொருளியலும் உண்டு. எந்தப் பக்கம் போவது என்பதையும் இந்தக் கேள்வியே சொல்லிவிடும்.

பட்டங்களை மட்டப்படுத்தும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் கலாநிதிப் பட்டம் (PhD) 12ஆம் மட்டம், முதுதத்துவமாணி (MPhil) 11ஆம் மட்டம். முழுநேரமாகப் படித்தால் கலாநிதிக்குக் குறைந்தது மூன்று வருடம். பாடசாலையில் படிப்பித்துக்கொண்டே பகுதிநேரமாகச் செய்பவர் அதற்கு மேல் கணக்குப் போட வேண்டும். முதலில் முதுதத்துவமாணிக்குப் பதிந்து பின்னர் தரமுயர்த்த இடமுண்டா என்று பதிவாளர் கிளையில் எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

சம்பள ஆய்வுகள் சறுக்குவது பெரும்பாலும் காலத்தில்தான். 1000 ரூபா 2021 மார்ச்சில் வந்தது. மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டது. நவம்பரில்தான் தடை நீங்கியது. 2022 மார்ச்சில் ரூபா சரிந்தது. ஆகவே 2020ஐயும் 2022ஐயும் ஒப்பிட்டு "சம்பள உயர்வின் விளைவு" என்று எழுதினால் முதல் பரீட்சகரே திருப்பி அனுப்பிவிடுவார். சிறுதோட்ட உடைமையாளர்களை ஒப்பீட்டுக் குழுவாக வைப்பதும் அவ்வளவு சுலபமில்லை. அவர்களில் பெரும்பாலானோர் காலி, மாத்தறை, இரத்தினபுரி போன்ற தாழ்நிலப் பக்கத்தவர்கள். உயரம் வேறு, மழை வேறு, விலையும் வேறு. மாதவாரித் தரவும் ஒரே உயர வலயத்துத் தோட்டங்களும் கிடைத்தால் மட்டும் இந்தக் கேள்வியைத் தொடுங்கள்.

அடுத்தது அளவை. "ஒரு நாளைக்கு எவ்வளவு சம்பளம்?" என்று கேட்டால் எல்லோரும் அறிவிக்கப்பட்ட தொகையைத்தான் சொல்வார்கள். "போன மாதம் எத்தனை பேர்?" என்று கேளுங்கள். தோட்டத்தில் ஒரு 'பேர்' என்றால் ஆளல்ல, சம்பளத்துக்குக் கணக்காகும் ஒரு நாள் வேலை. குறித்த கிலோ கொழுந்து வராத நாளில் அரைப்பேர்தான் விழும். கைக்காசுக்கு, அதாவது பேர் இல்லாமல் கிலோவுக்கு இவ்வளவு என்று காசு வாங்கி எடுத்தது வேறு கணக்கு. வினாக்கொத்தில் முழுப்பேர், அரைப்பேர், கைக்காசுக் கிலோ, ஒரு பேருக்குரிய கிலோ என நான்கு கட்டங்கள் வேண்டும். கடைசிக் கட்டத்தை விட்டுவிட்டால், தோட்டம் கிலோவைக் கூட்டியது தெரியாமலே சம்பளம் உயர்ந்ததாக எழுதிவிடுவீர்கள். சம்பளத் துண்டைப் பார்க்கும்போது ஊழியர் சேமலாப நிதி, சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம் ஆகிய கழிவுகளைத் தனித்தனியே பதியுங்கள். கையில் வந்த காசு வருமானமல்ல.

மாதிரியில் வீடுகளைக் கூட்டுவதைவிட டிவிசன்களை (தோட்டத்தின் உட்பிரிவுகளை) கூட்டுவதே இலாபம். ஒரே டிவிசனுக்குள் எல்லாருக்கும் ஒரே துரை (தோட்ட அதிகாரி), ஒரே காலநிலை. கொத்துக்குள் இணைபை (ஒரே டிவிசனின் வீடுகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் அளவை) 0.1 என்று எடுத்தால், 20 டிவிசன்களில் 20 வீடுகள் வீதம் 400 வீடுகள் பார்த்தாலும் வடிவமைப்பு விளைவு (மாதிரியின் பயன் எத்தனை மடங்கு குறைகிறது என்பது) 1 + 19 × 0.1 = 2.9. அதாவது உண்மையில் உங்களிடம் இருப்பது 138 வீடுகளின் தகவல். 40 டிவிசன்களில் 10 வீடுகள் என்றால் அது 1.9 ஆகக் குறைந்து 210 வீடுகளாகிறது. பஸ் செலவு கூடும்தான், ஆனால் வேறு வழியில்லை. நியம வழுக்களையும் (மதிப்பீடு எவ்வளவு தளம்பக்கூடும் என்ற அளவு) டிவிசன் மட்டத்தில் கொத்தாக்கியே கணியுங்கள்.

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் தரவில் "தோட்டத் துறை" என்பது 20 ஏக்கருக்குக் குறையாமலும், அங்கேயே வசிக்கும் தொழிலாளர் பத்துப் பேருக்குக் குறையாமலும் உள்ள தோட்டங்கள். ஹட்டன் நகரில் கடை வைத்திருக்கும் தோட்டப் பிள்ளை அதில் இல்லை. எனவே துறையின் எண்ணைச் சமூகத்தின் எண்ணாக எழுதாதீர்கள்.

நேர்காணலுக்கு ஞாயிறு காலைதான் வசதி. சம்பள நாளை ஒட்டி லயத்துக்கு (தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) போகாதீர்கள். கடன்காரர் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள்.