ரோமானியச் செப்புக்காசு: தலையைப் பார்த்து ஏமாறாதீர்கள்

குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்கிப் பழகிய கை, பழைய செப்புக்காசைக் கண்டால் சும்மா இருக்காது. என் முதல் ரோமானியக் காசு அப்படித்தான் போனது. ஒரு ராத்திரி புளிக்கரைசலில் கிடந்து, காலையில் புதுச் சொம்பு மாதிரி மின்னியது. எழுத்து மட்டும் ஒன்றுகூட மிச்சமில்லை. 1,600, 1,700 வருடம் மண்ணுக்குள் கிடந்த காசில், மேலே படிந்து இறுகிய பச்சைத் தோலில்தான் பல நேரம் எழுத்தே நிற்கிறது. அது போனால் வெறும் செப்புத் தகடுதான்.

எலுமிச்சை, வினிகர், கம்பி பிரஷ் எதுவும் வேண்டாம். டிஸ்டில்டு வாட்டரில் ஊறப்போட்டு, சில நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி, இளகிய மண்ணை மட்டும் பல்குச்சியால் எடுங்கள். வாரக்கணக்கில் ஆகும். ஆகட்டும். கெட்டியான கரும்பச்சையைத் தொடவே கூடாது. மாவு போல உதிரும் வெளிர்பச்சை வேறு விஷயம்: அது உப்பும் ஈரமும் சேர்ந்து செம்பை அரிக்கும் நோய். அப்படிப்பட்ட காசைத் தனியே பிரித்து, சிலிக்கா ஜெல்லோடு உலர்வாக வையுங்கள்.

சரி, காசு தெளிந்துவிட்டது. யாருடையது? இங்கேதான் எல்லோரும் முகத்தை உற்றுப் பார்க்கிறார்கள். 4-ம் நூற்றாண்டுச் சின்னக் காசில் முகம் கிட்டத்தட்ட அச்சடித்த பொம்மை. பேரரசர் கான்ஸ்டான்டைனும் அவர் பிள்ளைகளும் ஒரே ஜாடையில் இருப்பார்கள். பெயரும் உதவாது. கான்ஸ்டான்டினஸ் (கான்ஸ்டான்டைனின் லத்தீன் பெயர்), கான்ஸ்டான்டியஸ், கான்ஸ்டான்ஸ்: விளிம்பு தேய்ந்து முதல் ஏழு எழுத்து (CONSTAN) மட்டும் நின்றால் மூவரில் யாராகவும் இருக்கலாம். அப்பாவுக்கும் பிள்ளைகளில் ஒருவனுக்கும் பெயரே ஒன்று. பூவா தலையா என்று கேட்டால், நான் முதலில் பூப்பக்கத்தைத்தான் பார்ப்பேன்.

அங்கே இரண்டு வீரர்கள் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் எத்தனை படைக்கொடி? இரண்டு என்றால் ஏறத்தாழ 330 முதல் 335 வரை. ஒன்றுதான் என்றால் அதற்குப் பிறகு. காசும் இளைத்து, ஒன்றரை கிராம் அளவுக்கு வந்திருக்கும். ஆண்டு கைக்கு வந்த பிறகு தலைப்பக்கம் திரும்புங்கள். இந்த வகையில் பெரும்பாலும் பேரரசருக்கு மணிகள் கோத்த தலைப்பட்டம், இளவரசருக்கு இலைமாலை. பிள்ளையின் பெயரோடு அகஸ்டஸ், அதாவது பேரரசர், என்ற பட்டம் இருந்தால் அப்பா இறந்த 337-க்குப் பிந்தையது.

வீரர்களின் காலுக்குக் கீழே ஒரு கோடு, அதற்கும் கீழே குட்டி எழுத்துகள். அதுதான் நாணயச்சாலையின் முத்திரை. அங்கே ‘கான்ஸ்’ (CONS) என்று கண்டவுடன் கான்ஸ்டான்டினோபிள் (இன்றைய இஸ்தான்புல்) என்று எழுதிவிடுவது மிகச் சாதாரணமான தவறு. பிரான்சின் தெற்கில் உள்ள ஆர்ல் நகரத்துக்கும் அப்போது கான்ஸ்டான்டினா என்று பெயர் சூட்டியிருந்தார்கள். அதன் முத்திரை ‘கான்ஸ்ட்’ (CONST). நாணயச்சாலைக்குள் எந்தப் பட்டறை அடித்தது என்று காட்டும் பட்டறை எழுத்து முன்னால் நின்று, கடைசியில் டி (T) வந்தால் ஆர்ல். டி இல்லாமல், பட்டறை எழுத்து பின்னால் ஒட்டியிருந்தால் கான்ஸ்டான்டினோபிள். ஒரு டிக்காக மத்தியதரைக் கடலின் மறுகோடிக்குப் போய்விடுவோம்!

ஓநாயிடம் இரட்டைக் குழந்தைகள் பால் குடிக்கும் காசு கிடைத்தால், தலைப்பக்கத்தில் தலைக்கவசம் போட்டவர் எந்த அரசர் என்று தேடாதீர்கள். அது ரோம் நகரமே பெண்ணுருவில்.

எழுத்து கோணல்மாணலாக, உருவம் குச்சி மனிதனாக இருந்தால் போலி என்று தூக்கி எறிபவர்களும் உண்டு. அந்தக் காலத்திலேயே உள்ளூரில் அடித்த நகல்கள் ஏராளம். இலங்கையிலும் அப்படி அடித்தார்கள். அங்கேயும் கரூர், மதுரைப் பக்கமும் 4, 5-ம் நூற்றாண்டு ரோமானியச் செப்புக்காசுகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலும் எழுத்து தேய்ந்த பொடிக்காசு. இவற்றில் எழுத்தைத் தேடி நேரத்தை வீணாக்காமல் உருவத்தைப் பாருங்கள்: கைதியை இழுத்துப்போகும் வெற்றித் தேவதை, வரிசையாக நிற்கும் மூன்று அரசர்கள், மாலைக்குள் சிலுவை.

ஆற்று மணலிலோ நிலத்திலோ நீங்களே கண்டெடுத்தால் மட்டும் பையில் போட்டுக்கொண்டு நடந்துவிடாதீர்கள். 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.