மீன் புடிக்கப் போறவங்க கூலிங் கிளாஸ் வாங்குறதுக்கு முன்னாடி: போலரைஸ்டு லென்ஸ் பாத்து எடுக்குறது எப்படி

கண்ணாடியில ஒட்டியிருக்கிற போலரைஸ்டு ஸ்டிக்கர நம்பாதீங்க. தண்ணியோரமா போயி நில்லுங்க, வெயில் பட்டு கண்ணு கூசுற அளவுக்கு பளபளன்னு இருக்கிற ஒரு இடமா பாருங்க, கண்ணாடிய கழட்டி கையில புடிச்சு ஒரு லென்ஸ் வழியா மட்டும் பாத்துகிட்டே ஸ்டீரிங் திருப்புற மாதிரி மெதுவா திருப்புங்க, படுக்கையா இருந்த கண்ணாடி நெட்டுக்குத்தா வர்ற வரைக்கும். நல்ல போலரைஸ்டு லென்ஸா இருந்தா, மூஞ்சியில மாட்டுற வாக்குல புடிச்சிருக்கும்போது பளபளப்பு செத்துப் போயி அடியில கிடக்குற கல்லு, பாசி, மணல்ல விழுந்திருக்கிற வரி வரியான கோடு எல்லாம் தெரியும், திருப்ப திருப்ப மேல யாரோ ஜரிகைத் துணிய இழுத்து மூடுற மாதிரி பளபளப்பு திரும்பி வரும், முழுசா திருப்பிட்டா அடியில ஒண்ணுமே தெரியாது. எப்படித் திருப்பினாலும் ஒரே மாதிரி இருந்துச்சுன்னா உங்க கையில இருக்கிறது வெறும் கறுப்பு கண்ணாடி, அவ்வளவுதான்.

நான் மொதல்ல வாங்கினது அந்த வெறும் கறுப்புதான். ரெண்டு வருஷம் அதத்தான் மாட்டிகிட்டு சுத்துனேன். கூட வர்ற நண்பன் "அந்தா, அந்த மூழ்குன கட்டைக்கு இந்தப் பக்கம் நிக்குது பாரு"ம்பான், நானும் ஆமா ஆமான்னு தலையாட்டுவேன், எனக்கு மீன் இருக்கட்டும், கட்டையே தெரியாது. அவன் கண்ணாடிய ஒரு நாள் வாங்கி மாட்டிப் பாத்தப்பதான் ரெண்டு வருஷமா நான் எதப் பாத்து தூண்டி போட்டுகிட்டு இருந்தேன்னு வெக்கமா போச்சு.

விஷயம் என்னன்னா, வெளிச்சம் எல்லா திசையிலயும் ஆடிகிட்டு வர்ற ஒரு அலை, அது தண்ணி மாதிரி படுத்துக் கிடக்கிற பரப்புல பட்டு தெறிச்சு வரும்போது பெரும்பாலும் படுக்கை வாட்டத்துல ஆடுறது மட்டும்தான் நம்ம கண்ணுக்கு வருது, அதுதான் அந்த கூசல். போலரைஸ்டு லென்ஸுக்குள்ள ஒரு மெல்லிசு ஃபிலிம் இருக்கும், அது நெட்டுக்குத்தா ஆடுறத மட்டும் உள்ள விட்டுட்டு படுக்கையா வர்றத நிறுத்திடும். 1808-ல மாலுஸ்னு ஒரு பிரெஞ்சுக்காரர் பாரிஸ்ல லக்சம்பர்க் அரண்மனை ஜன்னல்ல பட்டு வந்த சாயங்கால வெயில ஒரு படிகக் கல்லு வழியா பாத்து, கல்லத் திருப்புனா வெளிச்சம் கூடிக் குறையுறத கவனிச்சாரு, நீங்க தண்ணியோரமா கண்ணாடியத் திருப்புறதும் அதே சோதனைதான். வெறும் கறுப்பு கண்ணாடி என்ன பண்ணும்னா கூசலையும் குறைக்கும், மீன்கிட்ட இருந்து வர்ற வெளிச்சத்தையும் அதே அளவுக்கு குறைக்கும், அதனால கண்ணுக்கு சுகமா இருக்கும், மீன் மட்டும் தெரியாது.

இதுல ஒரு கணக்கு இருக்கு, கடையில யாரும் சொல்ல மாட்டாங்க, ஆனா தெரிஞ்சுகிட்டா ரொம்ப உதவும். தண்ணியில பட்டு வர்ற கூசல் ஒரு குறிப்பிட்ட கோணத்துல முழுசா போலரைஸ் ஆகி, அதாவது படுக்கையா மட்டுமே ஆடி வருது, புரூஸ்டர் கோணம்னு பேரு, தண்ணிக்கு அது நெட்டுக்குத்துல இருந்து சுமாரா 53 டிகிரி. இத தூரமா மாத்திச் சொன்னா, தண்ணி மட்டத்துல இருந்து உங்க கண்ணு எவ்வளவு உயரத்துல இருக்கோ அத 1.33 ஆல பெருக்குங்க. கண்ணு 6 அடி உயரத்துல இருந்தா உங்க முன்னாடி 8 அடி தூரத்துல இருக்கிற தண்ணியிலதான் கண்ணாடி அதோட முழு வேலையையும் காட்டும். அதுக்கு முன்னயும் பின்னயும் நல்லாவே வேலை செய்யும், ஆனா 40 அடி தள்ளிப் பாத்தீங்கன்னா எவ்வளவு ஒசத்தி கண்ணாடியா இருந்தாலும் கூசல் கணிசமா மிச்சம் இருக்கும். அது கண்ணாடியோட குத்தம் இல்ல. தூரமா பாக்கணும்னா உயரமா ஏறி நிக்கணும், பாறை மேலயோ படகுல மேல் தட்டுலயோ, ஆனா உயரத்துல நின்னா மீனுக்கும் நீங்க நல்லா தெரிவீங்க, அதையும் மனசுல வச்சுக்கோங்க.

காசு அதிகம்னா கலங்கல் தண்ணியிலயும் மீன் தெரியும்னு சிலர் நெனக்கிறாங்க. தெரியாது. மேல இருக்கிற கூசல எடுக்கும், தண்ணிக்குள்ள கலந்திருக்கிற சேத்த எந்த லென்ஸாலயும் எடுக்க முடியாது.

சரி, இப்ப கலர். இதுலதான் எல்லாரும் தப்பு பண்றாங்க, ஏன்னா வெளிய இருந்து பாக்கும்போது தெரியுற நீலமும் பச்சையும் சிவப்பும் லென்ஸோட கலரே இல்ல, அது மேல பூசியிருக்கிற மிரர் கோட்டிங். கண்ணாடிய திருப்பி உள்பக்கத்துல இருந்து ஒரு வெள்ளைப் பேப்பர பாருங்க, அப்ப பேப்பர் என்ன கலரா தெரியுதோ அதுதான் உங்க லென்ஸ். ஒரே நீல மிரருக்கு உள்ள ஒண்ணு கிரேயா இருக்கும், இன்னொண்ணு செம்பு கலரா இருக்கும், ரெண்டும் தண்ணி மேல வேற வேற கண்ணாடி. மிரர் கூட கொஞ்சம் வெளிச்சத்த வெளியவே திருப்பி அனுப்பும், அதனால கொட்டுற வெயிலுக்கு நல்லது, மேகமூட்டமான நாள்ல வேண்டாத சுமை.

கிரே எல்லா கலரையும் உள்ளது உள்ளபடி காட்டும், வெளிச்சத்த மட்டும் குறைக்கும். ஆழ்கடல்ல, கண்ணுக்கெட்டுற வரைக்கும் நீலமா இருக்கிற இடத்துல, காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் மாட்டினாலும் கண்ணு வலிக்காது. ஆனா ஆறு, ஏரி, குளம், கழிமுகம், இடுப்பளவு தண்ணின்னு போறவங்களுக்கு நான் கிரே சொல்ல மாட்டேன், செம்பு கலரோ பிரவுனோ ஆம்பரோ எடுங்க. இந்த கலருங்க நீல வெளிச்சத்த கொஞ்சம் வெட்டும், அதனால பாசிக்கும் மண்ணுக்கும், மண்ணுக்கும் மீன் முதுகுக்கும் இருக்கிற வித்தியாசம் எடுப்பா தெரியும். அடியில மேயுற கெண்டை முதுகு மண்ணு கலர்லயேதான் இருக்கும், கிரே லென்ஸ்ல அது மண்ணோட மண்ணாப் போயிடும், செம்பு லென்ஸ்ல அதோட நிழல் ஒரு விரல் அளவுக்கு தனியா பிரிஞ்சு தெரியும், மொதல்ல கண்ணுல படுறது எப்பவும் நிழல்தான், மீன் அப்புறம்தான். மஞ்சள் லென்ஸ் விடியக்காலைக்கும் பொழுது சாயுற நேரத்துக்கும், உச்சி வெயில்ல அது போதவே போதாது. ஒண்ணே ஒண்ணுதான் வாங்க முடியும்னா செம்பு வாங்குங்க, மிரர் கோட்டிங் இருந்தாலும் சரி இல்லாட்டியும் சரி.

எவ்வளவு டார்க்குன்னு கேட்டா, ஃப்ரேம் உள்பக்கத்துலயோ கூட வர்ற சீட்டுலயோ கேட்டகரின்னு 0-ல இருந்து 4 வரைக்கும் ஒரு நம்பர் பல கண்ணாடியில போட்டிருக்கும். 3-னா 8-ல இருந்து 18 சதவீதம் வெளிச்சத்த உள்ள விடும், வெயில் நேர மீன் புடிக்கு அது போதும். 2-னா 18-ல இருந்து 43, மேகமூட்டத்துக்கும் மர நிழல் விழுற ஆத்துக்கும் இதான் சுகம். 4 ரொம்ப டார்க், 3-ல இருந்து 8 சதவீதம்தான் விடும், அத மாட்டிகிட்டு வண்டி ஓட்டக் கூடாது. இருட்டா இருக்க இருக்க மீன் நல்லா தெரியும்னு நெனச்சு 4 வாங்கிடாதீங்க, தண்ணிக்கு அடியில இருந்து வர்ற வெளிச்சமே கம்மி, அதையும் வெட்டிட்டா அப்புறம் எதப் பாக்குறது.

யூவி தனி விஷயம், போலரைஸ்டு தனி விஷயம். போலரைஸ்டுன்னாலே யூவி நிக்கும்னு நெனச்சுக்காதீங்க, யூவி 400-ன்னு போட்டிருக்கான்னு தனியா பாருங்க, 400 நானோமீட்டர் வரைக்கும் உள்ள புற ஊதாக் கதிர நிறுத்தும்னு அர்த்தம். யூவிய நிறுத்தாத டார்க் லென்ஸ் வெறுங்கண்ண விட மோசமா போகலாம், ஏன்னா இருட்டுல கண்மணி விரியும், விரிஞ்ச வழியா கதிர் கூடுதலா உள்ள போகும். வருஷக்கணக்கா தண்ணி மேலயே வெயில்ல கிடக்குறவங்களுக்கு வெள்ளை விழியில இருந்து கறுவிழி மேல சதை படருறது இந்த யூவியாலதான் கூடுதலா வருது.

லென்ஸ் எதுல செஞ்சதுங்கிறதுல என் கருத்து கொஞ்சம் அழுத்தமாவே இருக்கும். நிஜ கண்ணாடி லென்ஸ்ல பார்வை ரொம்பத் துல்லியம், கீறலும் லேசுல விழாது, ஆனா மூக்கு மேல கனக்கும், கீழ விழுந்தா போச்சு. பாலிகார்பனேட்ங்கிற பிளாஸ்டிக் லேசு, கீறல் சீக்கிரம் விழும், ஆனா அடி தாங்கும். எனக்கு பாலிகார்பனேட்தான். பாறையில மாட்டுன தூண்டி நரம்ப வெடுக்குனு இழுத்தப்ப ஈயக்குண்டு பிச்சுகிட்டு நேரா மூஞ்சிக்கு வந்துச்சு, இடது லென்ஸ்ல அரிசி அளவுக்கு ஒரு பள்ளம், அந்தக் கண்ணாடிய இன்னும் தூக்கிப் போடாம வச்சிருக்கேன். பக்கத்துல நிக்கிறவன் வீசுற முள்ளும் எந்தப் பக்கம் வரும்னு சொல்ல முடியாது. டிஏசின்னு ஒரு பிளாஸ்டிக் லென்ஸ் விலை கம்மியான கண்ணாடிங்கள்ல நிறைய வரும், அது அடுக்கு அடுக்கா ஒட்டுனது, உப்பும் சூடும் பட்டு பட்டு ஓரத்துல இருந்து உரிய ஆரம்பிச்சு உள்ள குமிழ் குமிழா வரும். ஆரம்பிக்கிறவங்க அத வாங்குறதுல தப்பே இல்ல, வெறும் கறுப்ப விட ஆயிரம் மடங்கு தேவலாம், ரொம்ப நாள் வரும்னு மட்டும் எதிர்பாக்காதீங்க.

ஃப்ரேம் அழகுக்கு பாக்காதீங்க. முன்னாடி வர்ற கூசல லென்ஸ் பாத்துக்கும், பக்கத்துல இருந்தும் மேல இருந்தும் லென்ஸுக்கும் கண்ணுக்கும் நடுவுல நுழையுற வெளிச்சத்த ஃப்ரேம்தான் தடுக்கணும். முதுகுப் பக்கம் வெயில் இருக்கும்போது லென்ஸோட உள்பக்கத்துல உங்க கண்ணே உங்களுக்கு தெரியும், அது பெரிய தொல்லை, அதனால முகத்தோட வளைஞ்சு வர்ற மாதிரி, காதுக்குப் போற கை அகலமா இருக்கிற மாதிரி எடுங்க. ஆனா ரொம்ப ஒட்டி உக்காந்தா வேர்வையில பனி புடிச்ச மாதிரி மூடிக்கும், ஒரு மெல்லிசு இடைவெளி வேணும். குனிஞ்சு தலைய ஆட்டிப் பாருங்க, மூக்குல இருந்து வழுக்கக் கூடாது. தலையில முன்பக்கம் நீட்டி இருக்கிற தொப்பி, அதோட அடிப்பக்கம் கறுப்பா இருந்தா இன்னும் நல்லது, இது இல்லாம எவ்வளவு நல்ல கண்ணாடியும் பாதி வேலைதான் செய்யும்.

கடைக்குள்ள தண்ணி இருக்காதே, எப்படி டெஸ்ட் பண்றது? தரையில வழவழப்பான டைல்ஸ் இருந்தா அதுல விழுற லைட்டோட பிரதிபலிப்ப கொஞ்சம் தள்ளி நின்னு பாத்து மேல சொன்ன மாதிரி திருப்புங்க. ஸ்டீல்லயும் முகம் பாக்குற கண்ணாடியிலயும் டெஸ்ட் பண்ணாதீங்க, அங்க வித்தியாசம் சரியா தெரியாது. எல்சிடி ஸ்கிரீன் இருந்தா அதுக்கு நேரா புடிச்சு திருப்புங்க, ஒரு கோணத்துல லென்ஸ் கும்மிருட்டாகும். சில போன்ல இந்த இருட்டு வராது, அதுக்காக கண்ணாடி போலின்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போயிடாதீங்க, அந்த ஸ்கிரீன் அப்படி. இன்னொண்ணு, ரெண்டு லென்ஸும் ஒரே கோணத்துல இருட்டாகுதான்னு பாருங்க, மொதல்ல இடது இருட்டாகி கொஞ்சம் திருப்புன பிறகுதான் வலது இருட்டாச்சுன்னா ஃபிலிம கோணலா வெட்டி ஒட்டியிருக்காங்க, மாட்டுன ரெண்டு மணி நேரத்துல தலை வலிக்கும், வேண்டாம்னு வச்சிடுங்க. அப்புறம் கை நீட்டி புடிச்சு கதவோட நேர்கோட்டப் பாத்து மேல கீழ அசைங்க, கோடு பாம்பு மாதிரி நெளிஞ்சா அதுவும் வேண்டாம்.

பவர் கண்ணாடி போடுறவங்க பவரோடயே போலரைஸ்டு லென்ஸ் போட்டுக்கலாம், அதான் உத்தமம். இல்லாட்டி மேல மாட்டுற க்ளிப் இருக்கு, நாலு லென்ஸையும் தொடைக்கிற பொறுமை இருந்தா வாங்குங்க.

வாங்கி மாட்டிட்டீங்க, தண்ணியப் பாக்குறீங்க, இன்னும் கொஞ்சம் கூசுது. தலைய லேசா ஒரு பக்கமா சாய்ங்க, அப்புறம் மறுபக்கம். அலை இருக்கும்போது தண்ணி படுக்கையாவே இருக்காதுல்ல, கூசலோட வாட்டமும் கொஞ்சம் சாஞ்சிருக்கும், பத்து டிகிரி தலை சாய்ச்சா சட்டுனு அடி திறக்கும். பாக்குறவங்களுக்கு கழுத்து சுளுக்கு புடிச்ச ஆளு மாதிரி இருப்பீங்க, பரவால்ல. படகுல இருக்கிற ஃபிஷ் ஃபைண்டர் ஸ்கிரீன் திடீர்னு கறுப்பா தெரிஞ்சா ரிப்பேர்னு நெனச்சு தட்டாதீங்க, அங்கயும் தலைய சாய்ச்சுப் பாருங்க.

கழுவுற விஷயத்துல சோம்பல் வேண்டாம். உப்பு தண்ணி தெறிச்சு காஞ்ச லென்ஸ பனியன் நுனியில தேய்க்கிறதும் உப்புத்தாள் போட்டு தேய்க்கிறதும் ஒண்ணுதான், மொதல்ல நல்ல தண்ணிய ஊத்தி உப்ப கரைச்சு விட்டுட்டு அப்புறம் மைக்ரோஃபைபர் துணி. கொசுவுக்கு தடவுற டீட் கலந்த மருந்து பிளாஸ்டிக்க அரிக்கும், அந்தக் கையோட லென்ஸ தொடாதீங்க. கார் டேஷ்போர்டுல வச்சுட்டுப் போயிடாதீங்க, அந்த சூட்டுல ஃபிலிம் உரியும். அப்புறம் கழுத்துக் கயிறு. கண்ணாடி வாங்குன அன்னைக்கே கயிறையும் சேத்து வாங்கிடுங்க, மிதக்குற கயிறா பாத்து. நான் வாங்கல. நல்ல மீன் ஒண்ண வலையில ஏத்த குனிஞ்சேன், கண்ணாடி மூக்குல இருந்து நழுவி தண்ணிக்குள்ள போச்சு, நாலு அடி ஆழம்தான், தெளிஞ்ச தண்ணிதான், ஆனா அது எங்க கிடக்குன்னு பாக்குறதுக்கு மாட்டிக்க வேண்டிய கண்ணாடியே அதுதான்.