மாட்ரிட்டிலிருந்து ஒரே நாளில் ஆவிலாவும் செகோவியாவும்: எட்டுப் பேர், ஒரு வேன்

மாட்ரிட்டில் நாலைந்து நாள் தங்குகிறவர்களுக்கு, பக்கத்துப் பழைய ஊர்களையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை வராமல் இருக்காது. டொலேடோ, செகோவியா, ஆவிலா மூன்றும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கும் ஊர்கள். எதுவும் ஒன்றரை மணி நேரப் பயணத்துக்கு மேல் இல்லை. மூன்றையும் ஒரே நாளில் காட்டுகிறோம் என்று சொல்லும் பஸ் சுற்றுலாக்களும் இருக்கின்றன.

முதல் தடவை நானும் அப்படி ஒன்றில்தான் போனேன். ஐம்பது பேர் உட்கார்ந்த பெரிய பஸ். ஆவிலாவில் நாற்பது நிமிடம்தான் கொடுத்தார்கள். அதில் கால்வாசி கழிவறை வரிசையிலேயே போய்விட்டது. அந்த ஊருக்கே பெயர் வாங்கிக் கொடுத்த மதிலைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினேன். மேலே ஏறவில்லை. அந்தக் குறை பல நாள் மனதில் இருந்தது. அடுத்த தடவை நண்பர்கள் எட்டுப் பேராகச் சேர்ந்து, நாங்களே வேன் எடுத்துப் போனோம். முதன்முறையாகத் திட்டமிடுகிறவர்களுக்கு அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

படி 1: வரைபடத்தைப் பார்த்து ஊர்களைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாவற்றையும் விட முக்கியம் இதுதான். மாட்ரிட்டை நடுவில் வைத்துப் பாருங்கள். டொலேடோ தெற்கே, சுமார் 70 கிலோமீட்டர். செகோவியாவும் ஆவிலாவும் வடமேற்கே, குவாதர்ராமா மலைத்தொடருக்கு அந்தப் பக்கம். டொலேடோவையும் செகோவியாவையும் ஒரே நாளில் சேர்த்தால், மாட்ரிட்டைத் தாண்டி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓட வேண்டும். பார்க்க வேண்டிய நேரம் சாலையில் கரைந்துவிடும்.

மாட்ரிட், ஆவிலா, செகோவியா மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். மாட்ரிட்டிலிருந்து ஆவிலா சுமார் 110 கிலோமீட்டர், ஆவிலாவிலிருந்து செகோவியா 65, செகோவியாவிலிருந்து மாட்ரிட் 90. போன வழியே திரும்ப வேண்டியதில்லை. இரண்டு ஊர்களிலும் ஆற அமர நடக்க நேரம் இருக்கும்.

டொலேடோவை விட்டுவிடச் சொல்லவில்லை. அதற்கு ஒரு முழு நாள் தனியாகக் கொடுங்கள். மாட்ரிட்டின் அதோச்சா நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் ஏறினால் சுமார் அரை மணி நேரத்தில் டொலேடோ. ஓவியர் எல் கிரெகோ 1577-இல் வந்து, 1614-இல் இறக்கும் வரை வாழ்ந்த ஊர் அது. அவருடைய ஓவியங்களையும், யூதர்களின் பழைய தொழுகைக்கூடங்களையும், 999-இல் கட்டிய சிறு மசூதியையும் இரண்டு மணி நேரத்தில் பார்த்து முடிக்க முடியாது.

படி 2: ஆட்களும் பொதுப்பணமும்

ஆறிலிருந்து எட்டுப் பேர் வரை சரியான அளவு. அதற்கு மேல் போனால் மதிய உணவுக்கு ஒரே மேசை கிடைப்பது கஷ்டம், குறுகிய சந்துகளில் ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழாது.

சின்னச் செலவுகளுக்கு ஸ்பெயின்காரர்களே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நண்பர்கள் வெளியே போகும்போது ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு பொதுப்பணம் போடுவார்கள். அதற்குப் பெயர் 'போத்தே'. காபி, வண்டி நிறுத்தக் கட்டணம், சுங்கக் கட்டணம் எல்லாம் அதிலிருந்து போகும். பொறுப்பான ஒருவர் கையில் அதைக் கொடுத்துவிட்டால், ஒவ்வொரு கடையிலும் பில்லைப் பிரித்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

படி 3: வேன்

ஸ்பெயினில் சாதாரண கார் உரிமம் இருந்தாலே, ஓட்டுநரையும் சேர்த்து ஒன்பது இருக்கைகள் கொண்ட வேனை ஓட்டலாம். இந்திய உரிமம் வைத்திருப்பவர், சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் ஊரிலேயே வாங்கி வந்துவிட வேண்டும். ஓட்டுநரின் வயது, உரிமம் வாங்கி எத்தனை வருடம் ஆயிற்று என்பதற்கு வாடகை நிறுவனங்கள் ஆளுக்கொரு விதி வைத்திருக்கும். முன்பதிவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பதால், பழக்கம் இல்லாதவர் அன்றைக்குத்தான் முதன்முதலில் கற்றுக்கொள்ள வேண்டாம். ஓட்டுநரோடு வேனை எடுத்துவிடுங்கள். எட்டாகப் பிரித்தால் பெரிய சுமையாக இருக்காது, மலைக்காட்சியை எல்லோருமே பார்க்கலாம்.

மாட்ரிட்டின் வடமேற்கு முனையில் இருக்கும் மொன்க்ளோவா பகுதியில் கூடுவது வசதி. மெட்ரோ நிலையம் இருக்கிறது, ஏ-6 நெடுஞ்சாலையும் அங்கேயே ஆரம்பம். மலையைக் குடைந்த சுரங்கப்பாதை வழியாகப் போகும் பகுதிக்குச் சுங்கம் கட்ட வேண்டும்.

படி 4: கிழமையும் பருவமும்

செவ்வாய், புதன், வியாழனில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். திங்கள்கிழமை ஸ்பெயினில் பல காட்சிக்கூடங்களுக்கு விடுமுறை. வார இறுதியில் மாட்ரிட் நகரமே மதியச் சாப்பாட்டுக்குச் செகோவியா கிளம்பும். வார நாட்களில் இன்னொரு லாபமும் உண்டு: 'மெனு தெல் தியா'. ஒரே விலையில் முதல் தட்டு, இரண்டாம் தட்டு, ரொட்டி, பானம், இனிப்பு என்று வரும் மதியச் சாப்பாடு அது.

ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் வரையிலும், செப்டம்பர், அக்டோபரிலும் போவது நல்லது. ஆவிலா ஏறக்குறைய 1,130 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஸ்பெயினின் மாகாணத் தலைநகரங்களில் இதுதான் எல்லாவற்றையும்விட உயரத்தில் இருப்பது. மாட்ரிட்டில் அரைக்கைச் சட்டை போட்டுக் கிளம்பினாலும் பையில் ஒரு ஸ்வெட்டர் இருக்கட்டும். செருப்பு வேண்டாம். இரண்டு ஊர்களிலும் தரை முழுக்க உருண்டைக் கல் பாவியது, மழை பெய்தால் வழுக்கும்.

வெளிச்சத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஸ்பெயின் 1940-லிருந்து மத்திய ஐரோப்பிய நேரத்தைப் பின்பற்றுவதால், ஜூன் கடைசியில் மாட்ரிட்டில் சூரியன் மறைய இரவு ஒன்பதே முக்கால் ஆகிவிடும். டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே இருட்டும். குளிர்காலத்தில் போனால் கீழே சொல்லியிருக்கும் நேரங்களைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

படி 5: முன்பதிவு

மூன்று விஷயங்கள் போதும்: ஆவிலா மதில் மேல் நடப்பதற்கான சீட்டு, செகோவியா அல்காஸர் கோட்டைக்கான சீட்டு (கோபுரத்தையும் சேர்த்து வாங்குங்கள்), மதிய உணவுக்கு எட்டுப் பேர் மேசை. திறக்கும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், அந்தந்த அதிகாரபூர்வ இணையதளத்தில் பாருங்கள்.

படி 6: காலை, ஆவிலா

எட்டு மணிக்குக் கிளம்பினால் ஒன்பதரைக்கு ஆவிலா. வேனை ஆவிலா மதிலின் 'அல்காஸர் வாசல்' என்ற வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் நிலத்தடி நிறுத்துமிடத்தில் விடுங்கள். தெருவில் நீலக்கோடு போட்ட இடங்களில் கட்டணமும் நேர வரம்பும் உண்டு.

ஊரை மதில் முழுசாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. நீளம் இரண்டரை கிலோமீட்டர், எண்பதுக்கும் மேற்பட்ட அரைவட்டக் கொத்தளங்கள், ஒன்பது வாசல்கள். சீட்டு வாங்கியதும் மேலே ஏறிவிடாதீர்கள். முதலில் கிழக்குப் பக்கம் வெளியே நின்று, கல்லைக் கிட்டத்தில் பாருங்கள். மற்ற பக்கங்களில் நிலம் சரிவாக இருப்பதால் எதிரி ஏறுவது சிரமம். கிழக்கே சமதளம். அதனால் மதிலைக் கட்டியவர்கள் இங்கே கூடுதல் பலம் கொடுத்தார்கள், கைக்குக் கிடைத்த பழைய ரோமானியக் கல்லறைக் கற்களையும் தூக்கி வைத்துக் கட்டிவிட்டார்கள். பழுப்புக் கற்களுக்கு நடுவே, நிறம் மாறி, அஸ்திப் பெட்டிபோல் குடைந்த கற்கள் கண்ணில் படும். இந்தப் பக்கத்தில்தான் பேராலயத்தின் பின்புறமே மதிலின் ஒரு கொத்தளமாக வெளியே துருத்தி நிற்கிறது. ஜெபத்துக்கும் போருக்கும் ஒரே சுவர்.

பிறகு மேலே ஏறுங்கள். ஒரு மணி நேரம் நடக்கலாம். ஒரு பக்கம் ஓட்டுக்கூரைகளும் கொல்லைத் துணிக்கொடிகளும், மறுபக்கம் வெட்டவெளி.

இறங்கியதும் பேராலயத்துக்குள் போங்கள். பீடத்தைச் சுற்றியுள்ள பழைய பகுதியில் தூண்களும் வளைவுகளும் வெள்ளையில் செம்மை தெறித்ததுபோல் இருக்கும். சாயம் இல்லை. பக்கத்துக் கற்சுரங்கத்தில் கிடைக்கும் கல்லில் இரும்புத் துரு கலந்திருப்பதால் வந்த நிறம். உள்ளூர்க்காரர்கள் அதை 'ரத்தம் கசியும் கல்' என்கிறார்கள். கோவிலுக்குள் நின்று பார்க்கும்போது அந்தப் பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆவிலா என்றால் புனித தெரேசா. 1515-இல் பிறந்து, கார்மேல் என்ற துறவியர் சபையைச் சீர்திருத்தி, 1562-இல் தன் முதல் மடத்தை இந்த ஊரிலேயே நிறுவியவர். அவர் பிறந்த வீடு இருந்த இடத்தில் இப்போது கோவில் நிற்கிறது. அவர் பெயரால் விற்கும் 'யேமா' இனிப்பை ஒரு பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். முட்டை மஞ்சள்கருவும் சர்க்கரையும்தான், வாயில் வைத்ததும் கரையும்.

பன்னிரண்டே முக்காலுக்கு ஊரை விட்டுக் கிளம்பும்போது, ஆற்றுக்கு அக்கரையில் 'குவாத்ரோ போஸ்தெஸ்' என்ற நாலு தூண் மேடையில் வேனை நிறுத்துங்கள். மதில் முழுவதும் ஒரே பார்வையில் விழும் இடம் இது. ஏழு வயதில் தெரேசா தன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு, மூர்களின் (வட ஆப்பிரிக்க முஸ்லிம்களின்) நாட்டுக்குப் போய் விசுவாசத்துக்காக உயிர்விடப் போகிறேன் என்று வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டார். சித்தப்பா துரத்தி வந்து பிடித்தது இந்த இடத்தில்தான் என்று ஊரில் சொல்கிறார்கள்.

படி 7: சாப்பாடு

செகோவியா சேர இரண்டு மணி ஆகும். ஸ்பெயினில் அதுதான் சாப்பாட்டு வேளை. இரண்டிலிருந்து ஐந்து வரை சிறிய கோவில்களும் கடைகளும் மூடியே இருக்கும். அவசரப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை, உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

ஊரின் பெருமை 'கொச்சினீயோ', அதாவது பால்குடி மறவாத பன்றிக்குட்டி வறுவல். கறி எவ்வளவு மெத்து என்று காட்ட, கத்திக்குப் பதில் தட்டின் விளிம்பால் வெட்டிக் காட்டுவார்கள். சைவக்காரர்கள் இங்கே கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். 'கார்னே இல்லாமல்' என்று மட்டும் சொன்னால், ஹமோன் என்னும் பன்றித் தொடைத் துண்டுகளோ சூரை மீனோ தட்டில் வந்துவிடலாம். இங்கே பலருக்கு அவை 'கார்னே' கணக்கில் வராது. "நோ கோமோ கார்னே, நி ஹமோன், நி பெஸ்காதோ" என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். இறைச்சி, ஹமோன், மீன் எதுவும் சாப்பிடமாட்டேன் என்று அர்த்தம். இந்த வட்டாரத்தின் பெரிய வெள்ளை மொச்சையான 'ஹூதியோன்' சுவையானது, ஆனால் பெரும்பாலும் பன்றி இறைச்சியோடுதான் வேகும். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு உருளைக்கிழங்குத் 'தோர்த்தியா' எங்கும் கிடைக்கும்.

படி 8: செகோவியா, மேலிருந்து கீழ்

தண்ணீர் கொண்டுவர ரோமானியர் கட்டிய தொட்டிப்பாலத்தில்தான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். நீங்கள் அதைக் கடைசிக்கு வையுங்கள். சாப்பாட்டுக்கு முன்போ பின்போ, வேனிலேயே ஊருக்குக் கீழே ஆற்றங்கரையில் இருக்கும் சான் மார்கோஸ் புல்வெளிக்குப் போங்கள். இரண்டு ஆறுகள் சேரும் இடத்தில், கூர்மையான பாறை முனையில் அல்காஸர் ஒரு கப்பலின் மூக்குபோல் தலைக்கு மேலே நிற்கும். மேலே போய்விட்டால் இந்தக் காட்சி கிடைக்காது.

கோட்டைக்குள் அறைகளைப் பார்த்துவிட்டு, இரண்டாம் ஹுவான் கோபுரத்தின் 152 படிகளை ஏறுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே முற்றத்தில் காத்திருக்கலாம், படிக்கட்டு குறுகல். 1474 டிசம்பர் 13 அன்று இசபெல்லா இந்தக் கோட்டையிலிருந்துதான் புறப்பட்டு, ஊரின் பெரிய சதுக்கத்தில் காஸ்டில் ராஜ்யத்தின் அரசியாக அறிவிக்கப்பட்டார். நீங்களும் அதே திசையில்தான் இனி நடக்கப்போகிறீர்கள். இப்போது நாம் பார்க்கும் கூரைகளும் உட்கூடங்களும் பெரும்பாலும் 1862 தீ விபத்துக்குப் பிறகு திரும்பக் கட்டியவை.

சதுக்கத்தின் ஓரத்தில் பேராலயம். பழைய பேராலயம் கோட்டைக்கு எதிரிலேயே இருந்தது. 1520-21 கலகத்தில் அது சிதைந்தபின், 1525-இல் இந்தப் புதிய இடத்தில் வேலை தொடங்கியது. பழையதன் தூண்தாழ்வாரத்தை மட்டும் கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுவந்து இங்கே பொருத்தினார்கள். அந்தத் தாழ்வாரத்தைத் தவறவிடாதீர்கள்.

படி 9: தொட்டிப்பாலம்

சதுக்கத்திலிருந்து கடைத்தெரு வழியே இறக்கம். கூம்புக் கற்கள் பதித்த 'காஸா தெ லோஸ் பிக்கோஸ்' வீட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும், தெரு திறந்துகொள்ளும். எதிரே ரோமானியர் கட்டிய பாலம்: இரண்டு அடுக்கு வளைவுகள், உயரமான இடத்தில் சுமார் 28 மீட்டர். பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால் மலையிலிருந்து தண்ணீர் கொண்டுவருவதற்காக ஏறக்குறைய 1,900 ஆண்டுகளுக்கு முன் எழுப்பியது.

தூணுக்குப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சாந்து கிடையாது. வளைவில் இருக்கும் கற்கள் ஆப்பு வடிவத்தில் செதுக்கியவை. மேலிருந்து எடை அழுத்த அழுத்த ஒன்றை ஒன்று இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கற்களின் முகத்தில் அங்கங்கே விரல் நுழையும் அளவுக்குச் சிறு குழி இருக்கும். கல்லைத் தூக்க இரும்பு இடுக்கி பிடித்த இடம் அது. ஊர்க்கதை வேறு சொல்லும். குடம் சுமந்து அலுத்த ஒரு பெண், விடிவதற்குள் தண்ணீர் வீட்டு வாசலுக்கு வந்தால் என் ஆன்மா உனக்கு என்று சாத்தானிடம் சொல்லிவிட்டாளாம். கடைசிக் கல்லை வைப்பதற்குள் பொழுது விடிந்துவிட்டது. குழிகள் எல்லாம் அவன் விரல் தடம்.

பக்கவாட்டுப் படிகளில் ஏறினால், பாலம் ஊர் மதிலைத் தொடும் மட்டத்துக்கு வந்துவிடலாம். அங்கிருந்து பார்த்தால் வளைவுகள் மலையை நோக்கி வரிசையாகப் போவது தெரியும். எங்கள் எட்டுப் பேரில் ஒருவரும் அந்த இடத்தில் பேசவில்லை.

வேன் கிடைக்காவிட்டால்

செகோவியாவை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மாட்ரிட்டின் சமார்த்தின் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் அந்த ரயில் நிற்கும் கியோமார் நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது. 11-ஆம் எண் பஸ் அங்கிருந்து தொட்டிப்பாலத்துக்குப் போகும். மொன்க்ளோவாவிலிருந்து நேராகப் பஸ்ஸிலும் வரலாம், சுமார் ஒன்றேகால் மணி நேரம். திரும்பும் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் காலையிலேயே சீட்டு எடுத்துவிடுங்கள். மாலையில் கடைசி வண்டிகள்தான் முதலில் நிரம்பும்.