முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவே என்ன போடலாம்?

முருங்கை, கறிவேப்பிலை, கோவைக்காய், சுண்டைக்காய் என்று வருஷக்கணக்கில் நிற்கும் செடிகளுக்கு நடுவே எப்போதும் கொஞ்சம் வெறும் மண் கிடக்கும். சும்மா விட்டால் கோரை மண்டிவிடும். கண்டதைப் போட்டால் பெரிய செடி இளைத்துப்போகும். திருவொற்றியூர், எண்ணூர், மாதவரம் பக்கம் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்கள் இப்படிச் செய்து பாருங்கள்.

1. வெயில். உச்சி வெயில் நேரத்தில் போய் மண்ணைப் பாருங்கள். முருங்கைக்கு அடியில் புள்ளி புள்ளியாக வெயில் விழும்; சிறுகீரைக்கும் அரைக்கீரைக்கும் அது போதும். கோவைப் பந்தலுக்கு அடியில் நல்ல நிழல் என்றால் பொன்னாங்கண்ணி, வல்லாரை. முழு வெயில் என்றால் காராமணி, கொத்தவரை.

2. தண்ணீர். கடலோரத்தில் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பு. மண் காய்ந்ததும் மேலே வெள்ளையாகப் பூக்கிறதா? அப்படியானால் சின்ன வெங்காயமும் பீன்ஸும் வேண்டாம், இலை ஓரம் கருகி நின்றுவிடும். கொத்தவரை, பருப்புக்கீரை தாங்கும்.

3. விதைப்பு. முருங்கைத் தூரிலிருந்து ஒன்றரை அடி, கறிவேப்பிலையிலிருந்து ஒரு அடி தள்ளியே ஆரம்பியுங்கள். இரண்டு அங்குலத்துக்கு மேல் கொத்த வேண்டாம். கறிவேப்பிலை வேரில் வெட்டு பட்டால் அங்கிருந்தெல்லாம் பக்கக் கன்று கிளம்பும்.

கீரை விதை ஒரு பங்குக்கு ஐந்து பங்கு காய்ந்த மணல் கலந்து தூவுங்கள். வெறும் விதையாகத் தூவினால் ஒரே இடத்தில் குவிந்து, நாற்று நோஞ்சானாக வளரும். காராமணியில் கொடி ரகம் வாங்காதீர்கள், கறிவேப்பிலையைச் சுற்றி ஏறிவிடும். செடி ரகத்தை ஒரு அடிக்கு ஒரு விதையாக, ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள்.

4. வேரைப் பாருங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். காராமணி பூக்கும் சமயத்தில் ஒரே ஒரு செடியை மண்ணோடு கிளறி எடுத்துக் கழுவுங்கள். வேரில் சின்னச் சின்ன உருண்டைகள் இருக்கும். நகத்தால் தள்ளினால் கழன்று வந்து, கிள்ளிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்து சேர்ந்துகொண்டிருக்கிறது. உருண்டை கழலாமல் வேரே வீங்கியிருந்தால் அது நூற்புழு, அதாவது வேருக்குள் புகுந்து சத்தை உறிஞ்சும் மிக நுண்ணிய புழு. அந்த இடத்தில் காராமணியை நிறுத்திவிட்டுத் துலுக்கச் சாமந்தியை முக்கால் அடிக்கு ஒன்றாக நெருக்கி நட்டு, இரண்டு மாதமாவது விடுங்கள். ஓரத்தில் ஒன்றிரண்டு செடி வைத்தால் பூ கிடைக்கும், புழு குறையாது.

நல்ல காராமணியையும் பிடுங்காதீர்கள். உயிரோடு நிற்கும்போது அது பக்கத்துச் செடிக்குக் கொடுப்பது கொஞ்சம்தான். வேரும் தழையும் மக்கும்போதுதான் சத்து மண்ணுக்கு வரும். தரை மட்டத்தில் அறுத்து, தழையை முருங்கையைச் சுற்றிப் பரப்புங்கள். காய் முற்றும்வரை விட்டால் சத்தில் பெரும்பகுதி காய்க்குப் போய்விடும். காய் வேண்டுமா, மண்ணுக்கு உரம் வேண்டுமா என்பதை விதைக்கும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

5. மறுபடி உரம். ஒவ்வொரு தடவை கீரை பிடுங்கியதும் சதுர அடிக்கு இரண்டு கை மண்புழு உரம் போடுங்கள். போடாவிட்டால் கீரை தின்ற சத்து முருங்கையின் பங்கிலிருந்துதான் போகும்.

6. மழைக்காலம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கீரை விதை அடித்துக்கொண்டு போய்விடும். அப்போது கடையில் வாங்கிய பொன்னாங்கண்ணிக் கட்டிலிருந்து முற்றிய தண்டுகளை எடுத்து, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். தை மாதம் மழை ஓய்ந்ததும் மிச்ச இடத்தில் வெந்தயம் தூவலாம். 25 நாளில் பறிக்கலாம்.