கத்திரி வெயிலில் எலக்ட்ரிக் காரை நிறுத்துவது எப்படி?

மே மாதம் வந்துவிட்டால் வேலூரிலும் திருச்சியிலும் 40 டிகிரி சாதாரணம். புதிதாக எலக்ட்ரிக் கார் வாங்கியவர்கள் அப்போது கேட்கும் முதல் கேள்வி, "வெயிலில் நிறுத்தினால் பேட்டரி போய்விடுமா?" என்பதுதான். ஒரு நாள், இரண்டு நாள் நின்றால் ஒன்றும் ஆகாது. வருடா வருடம் கோடை முழுக்க, ஃபுல் சார்ஜோடு மொட்டை வெயிலில் நிற்கிற காருக்குத்தான் ஆயுள் குறையும்.

லித்தியம் அயான் பேட்டரிக்கு, கார் ஓடாமல் சும்மா நின்றாலும் வயது ஏறும். உள்ளே ஒரு மின்முனையாக இருக்கும் கிராஃபைட்டின் (ஒரு வகைக் கரி) மேல் ஒரு மெல்லிய படலம் வளர்ந்துகொண்டே இருக்கும். சார்ஜைச் சுமக்க வேண்டிய லித்தியம் கொஞ்சம் கொஞ்சமாக அதில் சிக்கி வீணாகும். சூடு ஏறினால் இது வேகமாக நடக்கும். 10 டிகிரி கூடினால் ஏறத்தாழ இரு மடங்கு என்பது தோராயக் கணக்கு. சார்ஜ் மட்டம் உயர்ந்தாலும் அப்படித்தான். வெயிலை நாம் குறைக்க முடியாது, சார்ஜைக் குறைக்கலாம்.

1. உங்கள் கார் எந்த ரகம் என்று பாருங்கள்

காரோடு வந்த கையேட்டில் இரண்டு விஷயம் தேடுங்கள். பேட்டரி எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகையா, என்எம்சி (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட்) வகையா? அதைக் குளிர்விக்கத் திரவ ஏற்பாடு இருக்கிறதா? 2012 கோடையில் அமெரிக்காவின் பீனிக்ஸ் பகுதியில் நிஸான் லீஃப் வைத்திருந்த பலருக்கு, வாங்கி ஓரிரு வருடத்துக்குள்ளேயே பேட்டரியின் கொள்ளளவு குறைந்தது. பாலைவன வெயில், காரிலோ திரவக் குளிர்விப்பு இல்லை. இப்போது வரும் கார்களில் பெரும்பாலும் அந்த ஏற்பாடு உண்டு, ஆனாலும் கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

2. சார்ஜ் லிமிட்டை 80 சதவீதத்தில் வையுங்கள்

இதை மட்டும் செய்தாலே பாதி வேலை முடிந்தது. காரின் திரையிலோ போன் ஆப்பிலோ சார்ஜ் லிமிட் என்று இருக்கும். கோடையில் தினசரி ஓட்டத்துக்கு 80 போதும். ஆபீசுக்குப் போய் வர 40 கிலோமீட்டர்தான் என்றால் 60 கூடப் போதும். வண்டி நாள் முழுக்க வெட்டவெளியில் நிற்கும் என்றால் குறைவாக வைப்பதே நல்லது.

எல்எஃப்பி வைத்திருப்பவர்கள் இங்கே குழம்புவார்கள். "அவ்வப்போது 100 வரை ஏற்றுங்கள்" என்று நிறுவனமே சொல்லியிருக்கும். மீதி எவ்வளவு என்பதைக் கார் சரியாகக் கணக்கிட அது தேவை, அதனால் ஏற்றுங்கள். ஆனால் ஏற்றிவிட்டு வெயிலில் போட்டு வைக்காதீர்கள். இரவில் ஏற்றி, காலையில் கிளம்பும் நேரத்தை ஒட்டி முடியும்படி டைமர் வையுங்கள். வெளியூர்ப் பயணத்துக்கும் இதே வழிதான்.

3. மதியம் 2 மணி நிழலைப் பார்த்து இடம் பிடியுங்கள்

பேட்டரி இருப்பது காரின் அடித்தட்டில். உச்சி வெயிலில் தார் ரோடு காற்றைவிட எவ்வளவோ அதிகமாகக் கொதிக்கும், அந்த அனல் நேராக அடியில் அடிக்கும். அதனால் தாரைவிட மண் தரை, மண் தரையைவிட பேஸ்மென்ட் மேல். காலை 9 மணிக்கு நிழலாக இருக்கிற இடம் மதியம் சுடுகாடாக இருக்கும். கட்டடத்தின் கிழக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். பிற்பகலில் நிழல் அங்கேதான் விழும். வேப்பமரம், புங்கமரம் அருமை. தென்னை மரத்தடி வேண்டாம், காரணம் சொல்லத் தேவையில்லை.

காருக்குப் போடும் வெள்ளி நிற உறையும் கண்ணாடி மறைப்பும் உள்ளே அனலைக் குறைக்கும், கிளம்பியதும் ஏசி திணறாது. பேட்டரிக்கு அவற்றால் பெரிய லாபம் இல்லை. இருந்தால் போடுங்கள், அதற்காகவே கடைக்கு ஓட வேண்டாம்.

4. வந்தவுடன் பிளக்கைச் சொருகாதீர்கள்

வெயிலில் ஓட்டி வந்த வண்டிக்கு நிழலில் ஒரு மணி நேரமாவது ஓய்வு கொடுங்கள். இரவு சார்ஜ் போட்டால் இன்னும் நல்லது. குளிர்விப்பு உள்ள கார்களில் சில, பிளக்கில் இருக்கும்போது கரன்ட்டை எடுத்துப் பேட்டரியைத் தானே குளிர்வித்துக்கொள்ளும். உங்கள் கார் அப்படியென்றால், லிமிட்டைக் குறைத்து வைத்துவிட்டுச் சொருகியே வைக்கலாம்.

வீட்டு பிளக் பாயின்ட்டில் ஏற்றுபவர்கள், சார்ஜரின் பெட்டியை வெயிலில் கிடத்தாதீர்கள். அரை மணி கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத அளவு சுட்டாலோ, பிளாஸ்டிக் நிறம் மாறியிருந்தாலோ உடனே நிறுத்தி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எக்ஸ்டென்ஷன் ஒயர் வேண்டவே வேண்டாம்.

5. ஊருக்குப் போகிறீர்களா?

பத்து நாள் நிற்கப் போகிற வண்டியை 50 சதவீதம் சார்ஜில், நிழலில் விடுங்கள். காவல் கேமரா, உள் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் வசதி போன்றவற்றை அணைத்துவிடுங்கள். நின்ற இடத்திலேயே சார்ஜைத் தின்னும். ஆப்பைத் திறந்து மணிக்கொரு தரம் பார்க்காதீர்கள், ஒவ்வொரு முறையும் கார் விழித்துக்கொள்ளும்.

அப்புறம், பலரும் மறப்பது காரின் கம்ப்யூட்டரை எழுப்பும் சின்ன 12 வோல்ட் பேட்டரி. பெரும்பாலான கார்களில் அது பழைய ஈய அமில ரகம், வெயிலில் சீக்கிரம் தளரும். அது செத்துவிட்டால் பெரிய பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருந்தாலும் வண்டி கிளம்பாது. கோடைக்கு முன்பு சர்வீஸுக்கு விடும்போது அதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.